சாத்தி வைத்த கதவு

மே 12 உலக செவிலியர் தினம். 1820-ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். இந்த வருஷம் அன்றைக்கு, என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். இருவரும் ஒரே அரசு மருத்துவமனையில் முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். சம்பளமும் ஒன்றுதான், பென்ஷனும் ஒன்றுதான்.

காபி குடித்துக்கொண்டே, "இன்னொரு ஜென்மம் இருந்தாலும் நர்ஸாகத்தான் ஆகணும்டி" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்குத் தூங்கக் கிடைச்சுது, நீ சொல்லுவே" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை.

நைட் டியூட்டி என்றால் ராத்திரி எட்டு மணிக்குப் போய்க் காலை எட்டு மணிக்குத்தான் கிளம்புவோம். நான் வந்து குளித்ததும் மாமியார் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, உள்ளறை ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டுவார். கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். யார் வந்தாலும், "அவ தூங்குறா, சாயங்காலம் வாங்க" என்பார். வெளிச்சம் பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது குறையும் என்று நான் பின்னாளில் படித்தேன். மாமியாருக்கு அதெல்லாம் தெரியாது.

தோழி வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை. வந்ததும் அடுப்படி, பிறகு துணிமணி. மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதிகம். வார்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். ஒருமுறை, "ஒரு நைட் மட்டும் மாத்திக்கிறியா?" என்று கேட்டாள். "எல்லாருக்கும்தான் வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

தீராத வேலை அழுத்தத்தால் ஆள் சோர்ந்துபோவதை 'பர்ன் அவுட்' என்கிறார்கள். அது வேலையால் வரும் நிலை என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்தக் காலத்தில் நாங்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சிடுமூஞ்சி'. நான் சிரித்த முகமாக இருந்ததை என் சுபாவம் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போன் செய்து, அந்த நைட்டுக்காக மன்னிப்புக் கேட்டேன். "எந்த நைட்டுடி? எத்தனையோ நைட்டு" என்று சிரித்தாள்.

மாமியார் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் ஒருநாளும் நான் நன்றி சொன்னதில்லை. உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ நர்ஸாக இருந்தால், நைட் முடிந்து வரும்போது அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தி வையுங்கள்.