கடைசி நாளும் நம்முடையதுதான்: மும்பையில் ஒரு பகல்

நம் வீடுகளில் பயணம் என்றால் அதற்கொரு காரணம் வேண்டும். வேலைக்குப் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம், கோர்ட்டுக்குப் போவோம், நல்லது கெட்டதுக்குப் போவோம். ஊர் பார்ப்பதற்காக மட்டும் கிளம்பிய முதல் தலைமுறை பல குடும்பங்களில் நாமாகத்தான் இருப்போம். அதனால்தான் கடைசி நாள் வந்ததும் மனசு கணக்குப் போடுகிறது: இவ்வளவு செலவு செய்தோமே, பார்க்காமல் விட்டது எத்தனை?

நான்கு நாள் மும்பைப் பயணத்தின் கடைசிக் காலையில் எங்கள் ஐந்து பேருக்கும் இதே கணக்குதான். கேட்வே, மரைன் டிரைவ், எலிஃபண்டா எல்லாம் பார்த்தாயிற்று. இரவு சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ரயில். பட்டியலில் இன்னும் எட்டு இடங்கள் பாக்கி. பட்டியலை மடித்து வைத்துவிட்டு, பாபாசாகேப் அம்பேத்கர் இந்த நகரத்தில் வாழ்ந்த வழியே ஒரு நாள் போய்வருவது என்று முடிவு செய்தோம்.

அறையைக் காலி செய்ததும் முதல் வேலையாகப் பைகளை ஸ்டேஷன் கிளோக் ரூமில் வைத்தோம். பூட்டாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் காட்ட வேண்டும். ஒரு சின்னப் பூட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லோக்கல் ரயில் கூட்டம் காலையில் தெற்கு நோக்கி வரும், மாலையில் வடக்கே திரும்பும். நாங்கள் அதற்கு எதிர்த்திசையில் போய்வந்ததால் உட்காரவே இடம் கிடைத்தது.

ஸ்லோ லோக்கலில் பரேல் இறங்கினோம். வடா பாவும் கட்டிங் சாயும் முடித்துவிட்டு, தாமோதர் ஹால் பக்கமுள்ள பி.ஐ.டி. சாலுக்கு நடந்தோம். 1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கிய பிறகு உருவான இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. நீண்ட தாழ்வாரம், வரிசையாக அறைகள். இங்கே இரண்டு அறைகளில்தான் அம்பேத்கர் குடும்பம் 1912 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. லண்டனில் பாரிஸ்டராகி 1923-இல் திரும்பியவரும் இங்கேதான் வந்தார். 1927-இல் மகத் குளத்து நீருக்காகப் போராடியபோதும் இதுதான் அவர் வீடு.

நாங்கள் போனபோது சாலில் குடும்பங்கள் வசித்துக்கொண்டிருந்தன. மற்றவர் வீட்டு வாசல் நமக்குக் காட்சிப்பொருள் ஆகக்கூடாது என்று செல்போனை வெளியே எடுக்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எந்த ஊர் என்று கேட்டார், மாடியைக் கைகாட்டினார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஊரைத் தவிர எங்களைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்து தாதர். ஹிந்து காலனியில் இருக்கிறது ராஜகிருகம். 1930-களில் அம்பேத்கர் தம் நூலகத்தை மனதில் வைத்துக் கட்டிய வீடு. 50,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் அவரிடம் இருந்தன. தரைத்தளத்தில் நினைவுக்கூடம் இருக்கிறது. பரேலுக்கும் தாதருக்கும் ரயிலில் ஒரே ஸ்டேஷன் தூரம். அந்தச் சாலிலிருந்து இந்த வீட்டுக்கு வர அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பட்டியலை வைத்துக்கொண்டு ஓடியிருந்தால் இது எங்களுக்கு உறைத்திருக்காது.

மாலையில் சைத்யபூமி. 1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்தவரின் உடலுக்கு மறுநாள் எரியூட்டப்பட்ட இடம். டிசம்பர் 6 தோறும் லட்சக்கணக்கில் மக்கள் கூடும் அந்தக் கரை, சாதாரண நாளில் அமைதியாக இருந்தது. வணங்கிவிட்டு வந்து மணலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம்.

சும்மா உட்காருவதற்கு நம்மில் பலருக்குக் கூச்சம். சம்பாதிக்க வேண்டிய நேரம், படிக்க வேண்டிய நேரம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோதுதான், 1945-இல், ஆலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டத்திருத்தம் வந்தது. 1946-இல் வார வேலை நேரம் 48 மணியாகக் குறைந்தது. உழைப்பவருக்கு ஓய்வு உரிமை என்று சட்டம் கொண்டுவந்தவரின் நினைவிடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஓய்வெடுக்க எதற்குக் கூச்சம்?

தோழர்களே, எந்த ஊருக்குப் போனாலும் கடைசி நாளுக்கு ஒரே ஒரு இழையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையாகவோ ஒரு போராட்டமாகவோ ஒரு தெருவாகவோ அது இருக்கலாம். போகுமிடங்களின் வார விடுமுறையை முந்தின இரவே விசாரித்துவிடுங்கள். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஸ்டேஷன் போய்ச் சேருங்கள், கிளோக் ரூமில் வரிசை நீளும். நடுவில் ஒரு மணி நேரத்தை எந்த வேலையும் வைக்காமல் விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் யாரும் கணக்குக் கேட்டால், சட்டப்படி நமக்குச் சேர வேண்டியது என்று சொல்லுங்கள்.