வாயைக் கட்டி...

‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தோம்’ என்பது எங்களைப் போன்ற வீடுகளில் வழக்கமான பேச்சு. கானாடுகாத்தானில் பழைய வீடொன்றில் கொத்து வேலை பார்க்கையில் சாரத்திலிருந்து விழுந்து தாடை முறிந்த என் அண்ணனுக்கு, மதுரையில் டாக்டர்கள் நிஜமாகவே வாயைக் கட்டிவிட்டார்கள்!

கையென்றால் மாவுக்கட்டுப் போடலாம். அசைந்துகொண்டே இருக்கும் கீழ்த்தாடைக்கு எங்கே போடுவது? மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டுகிறார்கள். பல்லோடு பல் பழையபடி பொருந்தினால் உள்ளே எலும்பும் பொருந்தியதாகக் கணக்கு. சிலருக்கு டைட்டானியத் தகடு வைத்துத் திருகுவதுண்டு. அண்ணனுக்குக் கம்பிக்கட்டே போதும் என்றார்கள். ஆறு வாரம்.

அம்மா கேப்பைக் கூழையும் பருப்புத் தண்ணீரையும் துணியில் வடிகட்டித் தருவாள். வாந்தி வந்தால் மூச்சடைக்குமென்று, கம்பி வெட்டும் குறடு எப்போதும் தலைமாட்டில் இருக்கும். இரவில் அண்ணன் இருமினால் என் கை தானாகவே குறட்டைத் தேடும்.

பார்க்க வந்தவர்கள் கும்ப்ளேயைப் பற்றிச் சொன்னார்கள். 2002-இல் ஆன்டிகுவாவில் தாடை முறிந்தும், முகத்தில் கட்டோடு 14 ஓவர் வீசி லாராவை அவுட்டாக்கினார். வீரம்தான். ஆனால் அவரும் பிறகு ஊர் திரும்பி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்தானே!

கம்பியை அவிழ்த்த அன்று அண்ணன் வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். இன்று பதினொரு குச்சி. குழைந்த சோறு இறங்குகிறது; சீப்புச் சீடைக்கு இன்னும் நாளிருக்கிறது.