ஒரு முழக் குந்தாலி

மைசூரு போகாதியில் வீடு கட்டியிருக்கும் நண்பர், "மழைத் தோட்டம் போடுகிறேன், வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார். முற்றத்தில் ஓரடிப் பள்ளம் பறித்துக் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்திருந்தார். கூரைத் தண்ணீர் அதில் நின்று ஊற, மிஞ்சியது பக்கத்து உறைகிணற்றில் இறங்கும். செடிகளைப் பற்றி நிறையச் சொன்னார். என் கண் கிணற்றுக்குள் இருந்த பெரியவரிடமே போனது.

மண் ஒட்டர் அவர். நம் பக்கத்தில் போயர் என்போமே, அந்த வகையறா. வீட்டில் தெலுங்கு, வேலையிடத்தில் கன்னடம். ஓசூரில் கிணறு வெட்டிய பழக்கத்தில் என்னோடு தமிழ் பேசினார்.

கையில் குந்தாலி. பிடி ஒரு முழம்தான். நாலடி அகலக் குழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் நீளப் பிடியை ஓங்க இடம் ஏது? கடையில் வாங்கிய பிடியை அவரே அறுத்துக்கொண்டாராம். உள்ளங்கை படும் இடம் புளியங்கொட்டையாக மின்னியது. ஒரு கொத்து, உடனே ஒரு பிடி மண்ணை அள்ளி நசுக்கிப் பார்ப்பார். "எட்டடியில் களி வந்துச்சு சாமி. களி தண்ணி குடிக்காது. சரளை வரணும்."

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர். உறை இறக்கியபின் மூன்றடி அகலம், இருபதடி ஆழமுள்ள கிணறு நாலாயிரம் லிட்டர் கொள்ளும். கூரைத் தண்ணீர் மண்ணுக்குள் போகாவிட்டால் தெருவின் எண்ணெயையும் குப்பையையும் வாரிக்கொண்டு ஏரிக்குத்தான் போகும். இங்கே மைசூரில் திவான் பூர்ணய்யா காவிரியைக் கொண்டுவர வெட்டத் தொடங்கிய கால்வாயில் காவிரி வரவே இல்லை; மழைநீர் வந்தது, குக்கரஹள்ளி ஏரி நிறைந்தது. 1864இல் உருவான அந்த ஏரி ஒரு காலத்தில் ஊருக்குக் குடிநீர் தந்தது. பிறகு சாக்கடையும் அதில் கலந்தது.

பெங்களூரில் 'பத்து லட்சம் கிணறுகள்' இயக்கம் வந்தபின் மண் ஒட்டர்களுக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஆனால் கூலி? நண்பர் கொடுத்ததில் பாதிகூடப் பெரியவர் கைக்கு வரவில்லை. மண் தெரியாதவன், குழியில் இறங்காதவன், போனில் ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக மேஸ்திரி மீதியை எடுத்துக்கொள்கிறான். இடுப்பில் கட்ட ஒரு கயிறு வாங்கித் தரக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. குழி சரிந்தால் யார் பதில் சொல்வது? நீரைக் காப்போம் என்று பலகை வைக்கும் நாமும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. மழையை மண்ணுக்குள் அனுப்புகிறவருக்கு நேராகக் கூலி கொடுக்க நமக்கு என்ன தடை?

இருபதடி முடிந்ததும் பெரியவர் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஈர்க்குச்சியால் மட்டம் குறித்தார். நாங்கள் டீ குடித்து முடித்தும் தண்ணீர் பாதிதான் இறங்கியிருந்தது.

"இன்னும் ரெண்டடி போகணும்."

மேஸ்திரிக்குப் போன் போட்டோம். இருபதடிக்குத்தான் பேச்சு, ஆளை அனுப்பிவிடுங்கள் என்றான். அந்த இரண்டடிக்கு உங்கள் கையிலேயே கொடுக்கிறேன் என்று பெரியவரிடம் நண்பர் சொன்னார். பெரியவர் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். குந்தாலியை வாளியில் வைத்து நான் மெல்ல இறக்கிக் கொடுத்தேன்.