சுருதி தவறியது எங்கே?

சென்ற ஆண்டு பாடசாலைகளுக்கிடையே நடந்த இசைப் போட்டியொன்றில் நானும் நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இளமையில் சில ஆண்டுகள் வயலின் பயின்ற தகுதியொன்றே என்னை அந்த நாற்காலிக்கு உரியவனாக்கிற்று.

மேலைத்தேய வாத்தியப் பிரிவுக்கு இரண்டு குழுக்களே வந்திருந்தன. ஒன்று நகரத்துப் பெரிய பாடசாலையினது. மற்றையது கடற்கரைக் கிராமமொன்றினது. முன்னையவர்களின் கிற்றார்கள் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மாமன்மாரும் சித்தப்பன்மாரும் அனுப்பியவை. பின்னையவர்களிடம் பழைய மின்கிற்றார் ஒன்றும், இரவல் வாங்கிய பேஸ் கிற்றார் ஒன்றும் இருந்தன. பேஸுக்கு அம்பிளிபயர் இல்லாமையால் அதனைப் பாடசாலையின் பேச்சு ஒலிபெருக்கியிலேயே பூட்டினார்கள். றொக் இசைக்கு அடித்தளமான தாழ்ந்த சுரங்கள் எம் காதுக்கு எட்டவேயில்லை. ட்ரம் மாத்திரம் இடித்தது. கிற்றாரோ மேற்சுரங்களை நாடுந்தோறும் சுருதி விலகிற்று. “சுருதியறிவு போதாது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

வெளியே வந்தபோது கிற்றார் வாசித்த மாணவன் காத்து நின்றான். முகத்திற் கோபமில்லை, அதுவே என்னைச் சங்கடப்படுத்திற்று.

“சேர், சுருதி சேர்த்துப் போட்டுத்தான் மேடையில ஏறினனாங்கள். விரல் உடம்புப் பக்கம் போகப் போக அது தன்பாட்டில மாறுது. அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?”

என்னிடம் விடை இருக்கவில்லை. வயலினுக்கு மெட்டு இல்லை. விரலே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். கிற்றாரில் அந்த இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து வைத்தவன் அதைச் செய்தவன்.

பௌதிகவியல் ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் அவ்வாத்தியத்தைக் கொண்டு சென்றோம். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் வெறுந்தந்தியின் மேற்சட்சம் பிசகாமற் கேட்கவேண்டும். ஆனால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி சற்று உயர்கிறது. அதனை ஈடுசெய்யவே பாலத்தைச் சிறிது பின்தள்ளி வைப்பார்கள். இக்கிற்றாரிலோ தந்திகள் அளவுக்கு மீறி உயர்ந்து நின்றன. பாலம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கிடந்தது. கைத்தொலைபேசியிலிருந்த சுருதிமானியைக் கொண்டு நண்பர் அளந்தார். ஆறு தந்திகளும் பன்னிரண்டாம் மெட்டிற் கூடிநின்றன. எத்தகைய செவிஞானம் உடையவனும் இதிற் சுருதியோடு வாசித்திருக்க முடியாது. பேஸின் கதையும் இதுதான். அதன் அடித்தந்தியின் அதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ 41. மனிதக் குரலுக்கென அமைந்த புனல் வடிவ ஒலிபெருக்கி அத்துணைத் தாழ்ந்த ஒலியை வெளியிடாது. நான் புள்ளியிட்டது மாணவர்களுக்கா, அவர்களின் வறுமைக்கா?

இவ்விடத்தில், குறைந்த கருவிகளிலிருந்தே றொக் இசை பிறக்கவில்லையா என்று கேட்போர் உளர். பிறந்தது உண்மையே. லிவர்பூலில் 1956இல் ஜோன் லெனன் தொடங்கிய குவாரிமென் குழுவின் பேஸ் வாத்தியம் ஒரு தேயிலைப் பெட்டி. அதனைக் கவிழ்த்து ஒரு தடியும் ஒரு கயிறும் பூட்டியிருந்தார்கள். (எமது மலையகத்துத் தேயிலையும் அத்தகைய பெட்டிகளிலேயே கப்பலேறிற்று. கொழுந்து பறித்த கைகளுக்கு அந்த இசையில் என்ன பங்கு கிடைத்தது?) கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தமது சிறிய எல்பிக்கோ அம்பிளிபயரின் ஒலிபெருக்கிக் கடதாசியைச் சவர அலகினாற் கிழித்தார், 1964இல் உலகம் கேட்ட அந்தக் கரகரப்பு அவ்வாறு வந்தது. ஆனால் கிழித்த சிறு பெட்டியை வொக்ஸ் ஏசி 30 என்ற பெரிய அம்பிளிபயரிற் பூட்டியே அவர் வாசித்தார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. பழுதை விரும்பித் தெரிந்துகொள்ளப் பழுதில்லாதது ஒன்றும் அருகே இருந்தது. பிரயன் மே 1963இல் தந்தையாரோடு சேர்ந்து கிற்றார் செய்யத் தொடங்கியபோது பழைய கணப்பின் மரத்தையும் மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்களையும் பயன்படுத்தினார். தந்தையாரோ மின்னணுப் பொறியியலாளர். அவ்வீட்டிற் பணம் குறைவாயிருக்கலாம். அறிவும் ஆயுதங்களும் குறைவில்லை.

பேர்மிங்ஹாமின் ரொனி அயோமியின் கதையை நான் எடுத்துக்காட்டாகக் கூற விரும்புவதில்லை. தகட்டுத் தொழிற்சாலையில், பதினேழு வயதில், வேலையை விட்டு நீங்கும் கடைசி நாளன்று இயந்திரம் அவருடைய வலக்கையின் இரு விரல்நுனிகளைக் கொண்டுபோயிற்று. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையும் இறக்கிக்கொண்டார். பிளாக் சபத்தின் கனத்த நாதத்துக்கு இவையும் காரணம் என்பர். இருக்கட்டும். அந்நாதத்துக்காக அவ்வியந்திரத்துக்கு நன்றி கூற என்னால் முடியாது.

போட்டியை நடத்தியோரிடம் சென்று என் குறிப்பை மாற்றித் தரும்படி கேட்டேன். முடிவு அறிவித்தாயிற்று, இனி மாற்ற விதியில் இடமில்லை என்றார்கள்.

மறுவாரம் நண்பரின் மேசையில் அம்மாணவன் தானே திருப்புளியைப் பிடித்தான். தந்திகளைத் தாழ்த்தி, பாலத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருகினான். மாலைக்குள் ஐந்து தந்திகள் சரிவந்தன. ஆறாவது தந்தியின் ஆணி மட்டும் முடிவுமட்டும் சென்று நின்றுவிட்டது. சுருதி இன்னும் கூடியே இருந்தது.

“பரவாயில்லை சேர். இந்தத் தந்தியை மேல் மெட்டுகளில தொடாமல் வாசிக்கிறன்” என்றான்.