கடல் தாண்டினால் எந்த அட்டை?

2025 டிசம்பர் கடைசி வாரம். சிப்பிகாட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய நோட்டீஸ். ஜனவரி 10-க்குள் 46,000 ரூபாய் கட்டினால்தான் பாலிசி உயிரோடு இருக்கும். மற்றது, அப்பாவின் படம் போட்ட ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. அதற்கு ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாம்.

"சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு எவனாவது காசு கொடுப்பானா?" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்துவிட்டதாக அவர் நினைத்தார். எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

அப்பாவுக்கு 76 வயது. எழுபதுகளில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கூலி வேலை, பிறகு கொஞ்சம் நெல், கொஞ்சம் பாக்கு. பென்ஷன் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று பூகம்பத்தில் தரை தாழ்ந்தது. சிப்பிகாட்டின் தாழ்வான வயல்களில் புகுந்த கடல்நீர் திரும்பிப் போகவில்லை. எங்கள் நெல்லும் அதில் போயிற்று. 'காப்பீடு' என்ற சொல்லை யாராவது சொன்னால், "அந்த நிலத்துக்கு யார் கொடுத்தான்?" என்று கேட்பது அவர் வழக்கம்.

அப்படிப்பட்டவரைச் சம்மதிக்க வைத்து 2014-ல் பாலிசி எடுத்தது சென்னையிலிருக்கும் என் தம்பி. அப்போது அப்பாவுக்கு 65. அதற்கு மேல் புதிதாகச் சேர்க்கப் பல கம்பெனிகள் தயங்கிய காலம். அந்த வயது வரம்பு 2024 ஏப்ரலில்தான் எடுக்கப்பட்டது. அப்பா, அம்மா இருவருக்குமாக 3 லட்சம். முதல் வருட பிரீமியம் 14,000 ரூபாய்.

2022-ல் அப்பாவுக்கு நெஞ்சுவலி. போர்ட் பிளேரில் முதல் சிகிச்சை ஆன பிறகு சென்னைக்குக் கூட்டிப் போனோம். இரண்டு ஸ்டென்ட். பில் 2,10,000 ரூபாய். 3 லட்சம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். கம்பெனி கொடுத்தது 1,38,000. காரணம் அறை வாடகை. பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான் வாடகை வரம்பு. நாங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை. வாடகையில் பாதியைத்தான் வெட்டுவார்கள் என்று நினைத்தோம். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் என்று அறையை ஒட்டிய செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டினார்கள். பாலிசியின் ஏழாம் பக்கத்தில் அது எழுதியிருந்தது. நாங்கள் படித்தது முதல் பக்கம் மட்டும்.

அதனால், 70 வயது ஆன எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் வருடத்துக்கு 5 லட்சம் வரை இலவச சிகிச்சை என்று 2024 அக்டோபர் 29-ல் திட்டம் தொடங்கியபோது அப்பாவின் கட்சிதான் ஜெயித்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் அதை விடாமலே இந்த அட்டையை வாங்கலாம். சி.ஜி.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டங்களில் இருக்கும் பென்ஷன்காரர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் அது. சி.ஜி.எச்.எஸ்.ஸில் வெளிநோயாளியாகப் போனாலும் மருந்து உண்டு. ஆயுஷ்மான் அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பேசும்.

"அப்புறம் என்ன? கம்பெனிக்கு ஒரு கும்பிடு போடு" என்றார் அப்பா.

அப்போதுதான் அம்மா, உள்ளே அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "எனக்கு அட்டை எங்கே?"

இல்லை. அட்டை குடும்பத்துக்கு அல்ல, 70 ஆனவர்களுக்கு மட்டும். வயதுக்குச் சாட்சி ஆதார். அம்மா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆதார் எடுத்தவர் 1958 ஜனவரி 1 என்று போட்டுவிட்டார். அம்மாவின் தம்பிக்கே 70 நெருங்குகிறது. ஆனாலும் சர்க்கார் கணக்கில் அம்மாவுக்கு 70 ஆவது 2028-ல். அவளுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. பாலிசியை இன்று விட்டுவிட்டு நாளை புதிதாக எடுத்தால், பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்ல கம்பெனிக்கு உரிமை உண்டு. 46,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், அம்மாவின் பதினோரு வருடத் தொடர்ச்சியைத் தூக்கி எறிய இருந்தோம்.

கூட்டு பாலிசியில் பிரீமியத்தைத் தீர்மானிப்பது மூத்தவரின் வயது. தம்பி கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். அப்பாவை நீக்கி அம்மாவை மட்டும் வைத்தால், பழைய தொடர்ச்சியோடு 19,000 ரூபாய் என்று பதில் வந்தது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டோம்.

அடுத்த கேள்வி, எந்த ஊர் ஆஸ்பத்திரி? தீவுக்காரர்களுக்கு மெயின்லேண்ட் என்றால் சென்னை அல்லது கொல்கத்தா. இந்தத் திட்டம் தொடங்கிய 2024 அக்டோபரில் மேற்கு வங்கம் அதில் சேர்ந்திருக்கவில்லை. சென்னையிலும் எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் பட்டியலில் கிடையாது. பட்டியலில் இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் அனுமதி இருக்காது. 14555 என்ற எண்ணில் கேட்கலாம். கேட்ட பிறகு, அந்த ஆஸ்பத்திரிக்கே ஒருவர் நேரில் போய் விசாரிப்பது நல்லது. தம்பி ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து, இதய சிகிச்சைக்கு அட்டையை ஏற்கும் மூன்று இடங்களைக் குறித்து அனுப்பினான். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரி அதில் இல்லை. பழகிய டாக்டரை விட வேண்டுமே என்று அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "சரி, பழைய ஃபைலை மட்டும் பத்திரமா வை" என்றார்.

இன்னொரு செலவை இரண்டு காகிதமும் ஏற்பதில்லை. கடல். சென்னைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் மூன்று நாள். நெஞ்சுவலிக்காரருக்கு விமானம்தான் வழி. கடைசி நிமிஷ டிக்கெட், கூடப் போகிறவர் டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு. 2022-ல் எங்களுக்கு இது மட்டும் 60,000 ரூபாய்க்கு மேல் ஆனது.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். அப்பாவுக்கு அட்டை. அம்மாவுக்கு பாலிசி, 2028 வரை கண்டிப்பாக. மிச்சமாகும் 27,000 ரூபாய் ஒவ்வொரு ஜனவரியிலும் போஸ்ட் ஆபீஸ் கணக்குக்கு. அதற்கு அப்பா வைத்த பெயர் 'கப்பல் பணம்'. பாஸ்புக்கையும் அட்டையையும் பழைய ஃபைலோடு ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். தண்ணீர் வந்தாலும் எட்டாத உயரம்.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அந்த ஆதார்காரன் ரெண்டு வயசு கூட்டிப் போட்டிருக்கலாம்" என்கிறாள். தன் வயதைக் கூட்டிச் சொல்லச் சொன்ன ஒரே பெண்மணி இந்தத் தீவில் அவளாகத்தான் இருக்க வேண்டும்.