தகுதியும் உதவித்தொகையும்

"நல்ல மார்க் வாங்கு, சர்க்காரே படிக்க வைக்கும்" என்று ஊர்ப்பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மறுபாதியை இந்த மூன்றாண்டுகளில் நான் கண்டறிந்தேன். அதைப் பின்னால் வரும் தோழர்களுக்குச் சொல்லிவைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

நான் பிளஸ் டூ தேறியபோது எங்கள் வீட்டில் இரு கட்சிகள் இருந்தன. திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்த்துவிடுவதாக மாமா சொன்னார். கொத்தனார் வேலை செய்யும் அப்பாவும் அதற்கு இசைந்தார். கல்லூரிக்குத்தான் போகவேண்டும் என்றவர் அம்மா ஒருவரே. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையைப் பற்றிப் பள்ளி ஆசிரியர் சொன்ன பிறகே அம்மாவின் கட்சி வென்றது. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். மாதத்திற்கு ஆயிரம்தான். ஆனால் நூல்களுக்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் அப்பாவிடம் கைநீட்ட வேண்டியதில்லை என்பது எங்கள் வீட்டில் சிறிய செய்தியன்று.

இதைப் பெற என்ன வேண்டும்? தம் தேர்வு வாரியத்தில் 80 விழுக்காட்டினரை முந்திய மதிப்பெண் வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை இலட்சத்தைத் தாண்டக்கூடாது. இவை வாயில்வரை கொண்டுவந்து விடும். உள்ளே நுழைய வருமானச் சான்றிதழ் வேண்டும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும், கெடு தேதிக்குள் இணையதளத்தில் விண்ணப்பம் சேரவேண்டும். நம்மவர்க்கு இனிஷியலே ஒரு சோதனை! ஒரு தாளில் பெயருக்கு முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் போய்விடும், மூன்றாவதில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்துவிடும். இவற்றை விண்ணப்பத்திற்கு முன்பே சரிசெய்துகொள்வது நலம்.

பெற்றதைக் காப்பது அதைவிடக் கடினம். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். என் வகுப்புத் தோழன் ஒருவன் என்னைவிடக் கெட்டிக்காரன். தந்தை நோயில் விழுந்ததால், இரவில் காய்கறி மண்டியில் மூட்டை இறக்கப் போனான். காலை வகுப்புகள் தவறின, வருகை குறைந்தது, உதவித்தொகை நின்றது. எவனுக்கு அது மிகவும் தேவையோ, அவனுக்கே அதைக் காப்பது மிகவும் கடினமாய் இருக்கிறது. விதியின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆயினும் அவனுடைய காலியிடத்தைப் பார்த்தபோது, தகுதி என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று மனம் கேட்டது.

கணிதம் பயிலும் எனக்கு இராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர் அவர். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் அதை இழந்தார். பட்டம் இல்லாத அவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. இடையில் மாறியது அவருடைய அறிவன்று. அவரை அறிந்து, அவருக்காக எடுத்துச் சொல்லச் சிலர் முன்வந்தனர். அவ்வளவே.

ஆகவே, முதலாண்டுத் தோழர்களே, எல்லாப் பாடங்களையும் ஒழுங்காகப் படியுங்கள், தாள்களைப் பத்திரப்படுத்துங்கள், வகுப்பைத் தவறவிடாதீர்கள். மூத்த மாணவர்கள் ஆளுக்கு ஒரு புதியவரின் விண்ணப்பத்தையேனும் உடனிருந்து நிரப்பித் தரவேண்டும். பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள்: நன்றாகப் படிப்பவன் தொடர்ந்து நான்கு நாள் வராவிட்டால், தயவுசெய்து ஆள் விட்டு விசாரியுங்கள். என் தோழன் கல்லூரியை விட்டுவிடவில்லை, இப்போதும் எங்களோடுதான் படிக்கிறான். ஆனால் இன்றும் அவன் மண்டியிலிருந்துதான் நேராக வகுப்புக்கு வருகிறான்.

— மூன்றாமாண்டு கணித மாணவன்