தொலைபேசியில் ஓர் இருமல்

வைத்தியத்துறையிலே தொலைபேசி புகுந்த வரலாறு ஒரு குழந்தையின் இருமலோடு தொடங்குகின்றது எனின் அது மிகையாகாது. அலெக்சாந்தர் கிரகாம் பெல் தமது கருவிக்கு உரிமம் பெற்று மூன்றாண்டுகளே கழிந்திருந்த 1879 ஆம் ஆண்டில், இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகை ஒரு செய்தியை வெளியிட்டது. நள்ளிரவிலே பிள்ளைக்குக் குரல்வளை அழற்சி கண்டுவிட்டதென அஞ்சிய வீட்டார் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தனர். பிள்ளையைத் தூக்கிக் கருவியருகே பிடிக்குமாறு பணித்த வைத்தியர், அதன் இருமலைச் செவிமடுத்து, அஞ்சிய நோய் அதுவன்று எனக் கூறினார், வீட்டைவிட்டுப் புறப்படவுமில்லை. அன்று அது ஒரு வேடிக்கைச் செய்தி. 2020 ஆம் ஆண்டிலோ இலங்கையின் பல குடும்பங்களுக்கு அதுவே வைத்தியமாயிற்று.

அவ்வாண்டு மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பு, கம்பகா முதலிய மாவட்டங்களுடன் யாழ்ப்பாணமும் அபாயம் மிக்க மாவட்டமெனக் கணிக்கப்பட்டமையால் அங்கே ஊரடங்கு இடைவிடாது நீடித்தது. கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபாற்காரர் வீடுவீடாகக் கொண்டுசென்றனர். மருந்து வீடு தேடி வந்தது, வைத்தியர் வரவில்லை. முதியோரின் நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் அவ்வேற்பாடு ஓரளவு போதுமாயிருந்தது. குழந்தைகளின் நிலை வேறு. மாலையில் ஓடி விளையாடிய பிள்ளை நள்ளிரவில் மூச்சுத் திணறும். தனக்கு என்ன செய்கிறதென அதற்குச் சொல்லவும் தெரியாது.

வடமராட்சிக் கிராமமொன்றில் அத்தகைய பிள்ளையொன்று இருந்தது. மூன்று வயது, முட்டு வருத்தம். தகப்பன் கொழும்பில் அகப்பட்டுக்கொண்டான். வீட்டில் இருந்தவர்கள் தாயும் அம்மம்மாவுமே. ஏப்ரல் மாதத்து இரவொன்றில் பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கிற்று. வழமையாக அதனைப் பார்த்துவந்த வைத்தியரின் இலக்கம் தாயிடம் இருந்தது. அயல்வீட்டுப் பெடியனின் கைத்தொலைபேசியை வேலிக்கு மேலாக வாங்கி அழைத்தாள்.

"பிள்ளை, சட்டையைக் கழற்றிப்போட்டு நெஞ்சைக் காட்டுங்கோ" என்றார் வைத்தியர்.

காட்டினாள். படம் அசையாது நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. விலாவெலும்புகளுக்கிடையே தசை உள்வாங்குகின்றதா என்று அவர் கேட்டார். அதுவரை அவள் அப்படி நோக்கியதேயில்லை. பின்னர், சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுமாறு கூறினார். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிடின் அது விரைவான சுவாசம் எனக் கொள்ளப்படும். தாய் 38 என எண்ணினாள். அம்மம்மா 44 என்றாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தமையால் இரண்டுமே பயனற்றவை. ஒரு நிமிடத்தில் ஆறு மூச்சு. வைத்தியசாலைக்குப் புறப்படுவதா, வீட்டிலிருப்பதா என்பது அந்த ஆறில் தங்கியிருந்தது. புறப்படுவதாயின் இருளில் வாகனம் தேடவேண்டும், வீதித்தடைகளிலே காரணம் சொல்லவேண்டும், நோய்த்தொற்று இருக்கக்கூடிய இடத்துக்கே பிள்ளையைக் கொண்டுசெல்லவும் வேண்டும்.

பம்ப் மருந்தைக் கொடுத்து, பிள்ளை அமைதியானபின் மீண்டும் எண்ணுமாறு வைத்தியர் பணித்தார். உதடு நீலம் பாரித்தாலோ பேச இயலாது போனாலோ எதற்கும் காத்திராது புறப்படவேண்டும் என்றும் எச்சரித்தார். அந்த ஒரு மணிநேரம் அத்தாய் விளக்கையும் பிள்ளையின் உதட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மம்மாவுக்கோ இவை எவற்றிலும் நம்பிக்கையில்லை. "கை வைச்சுப் பாக்காத வைத்தியமும் ஒரு வைத்தியமோ?" என்று முணுமுணுத்தாள். நாடி பிடித்து நோயறிந்த பரியாரிமாரைக் கண்டு வளர்ந்த தலைமுறையின் கேள்வி அது. அதனைப் பாமரத்தனம் எனத் தள்ளுதல் தவறு. தொலைவழி வைத்தியத்தில் வைத்தியரின் கை மறைந்துவிடுவதில்லை, அது தாயின் கையாக மாறிவிடுகின்றது. அக்கைக்குப் பயிற்சியளித்தவர் எவருமில்லை. தவறு நேரின் பழி மட்டும் அதற்குரியதாகும்.

இரண்டாம் முறை 34. பிள்ளை உறங்கிற்று. சொன்னபடியே வைத்தியரும் மீண்டும் அழைத்தார்.

இதனைக் கொண்டு தொலைவழி வைத்தியம் வெற்றிகண்டதெனச் சொல்லிவிட முடியாது. வேலிக்கப்பால் ஒரு தொலைபேசி இருந்தது. வைத்தியர் தமிழில் பேசினார். மருந்து கைவசம் இருந்தது. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்திலே இம்மூன்றில் எத்தனை இருந்திருக்கும்? ஊரடங்கிலும் தேயிலைத் தொழில் நிறுத்தப்படவில்லை. தாய் மலையிலே கொழுந்து பறிப்பாள். வீட்டுக்குரிய ஒரே தொலைபேசி கொழும்பில் வேலைசெய்யும் மகனின் சட்டைப்பையில் இருக்கும். சமிக்ஞை கிடைக்கவேண்டுமாயின் மேட்டுக்கு ஏறவேண்டிய லயங்கள் உள. இருமும் பிள்ளையைப் பனியிலே மேட்டுக்குத் தூக்கிச்சென்று வைத்தியருக்குக் காட்டுவது எவ்வகை வைத்தியம்? அங்ஙனம் காட்டினும், மறுமுனையில் இருப்பவர் சிங்களம் மட்டும் அறிந்தவராயின், 'இழுக்குது' என்ற ஒரு சொல்லை அவளால் எவ்வாறு கடத்தமுடியும்? நேரிலே காட்டும்போது உடலே பேசிவிடும். தொலைபேசியிலே மொழி தவிர வேறொன்றும் இல்லை.

எனினும் ஒரு நன்மையை ஒளித்தல் நேர்மையன்று. தீவுப்பகுதியிலிருந்து ஐந்து நிமிடப் பார்வைக்காக ஒரு நாட்கூலியை இழந்து, படகேறிப் பேருந்தேறி வந்த பெற்றோருக்கு, மருந்தின் அளவை மாற்றுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும் என்பது அந்நாட்களிலேதான் தெரியவந்தது. அதற்கு ஒரு கொள்ளைநோய் வேண்டியிருந்தது.

ஊரடங்கு நீங்கிக் கிளினிக் மீண்டும் திறந்தபோது, வடமராட்சித் தாய் பிள்ளையுடன் வாங்கிலே முறை பார்த்திருந்தாள். உள்ளே அழைத்த வைத்தியர் இதயத்துடிப்புமானியை எடுத்துக் காதில் மாட்டுமுன்னரே அவள் கூறினாள்:

"நேற்று நித்திரையிலை இருபத்தெட்டு, டொக்டர்."